கண்ணைப் பார்த்தால் மயங்கிவிடுவோமா? ஹிப்னாடிசத்தில் அறிவியல் எவ்வளவு, கதை எவ்வளவு

பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெண்ணிடம் வழி கேட்பதுபோல் பேச்சுக் கொடுத்து, கண்ணைப் பார்த்தே மயக்கி, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை ஏதாவதொரு ஊரிலிருந்து வந்துவிடும். 'ஹிப்னாடிசம் செய்து நூதனத் திருட்டு' என்று தலைப்பும் இருக்கும். இன்னொரு பக்கம் திரும்பினால் சிகரெட்டை விட, எடையைக் குறைக்க, பரீட்சை பயம் போக ஹிப்னோதெரபி என்று விளம்பரம். போன பிறவியைப் பார்க்க அழைக்கும் காணொளிகளுக்கும் குறைவில்லை.

இதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, மொத்தமாக நம்புகிறவர்கள் உண்டு, மொத்தமாகத் தூக்கி எறிகிறவர்களும் உண்டு. மூட்டையைப் பிரித்தால்தான் விஷயம் புரியும். உள்ளே மருத்துவ இதழ்களில் வெளியான நல்ல ஆய்வுகளும் இருக்கின்றன, சுத்தமான கட்டுக்கதையும் இருக்கிறது.

முதலில் சொற்கள்

1. அறிதுயில்: ஹிப்னாடிசத்துக்குத் தமிழில் வழங்கும் சொல். பாற்கடலில் திருமால் கொள்ளும் துயிலுக்குப் பழைய இலக்கியம் தந்த பெயர் இது. ஆங்கிலச் சொல் தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அந்த வகையில் அது தப்பான பெயர். அறிதுயிலில் இருப்பவரின் மூளை மின்னலைகள் விழித்திருப்பவருடையவை போலவே இருக்கும். 'அறிந்துகொண்டே துயில்வது' என்ற தமிழ்ச் சொல் உண்மைக்கு இன்னும் பக்கத்தில் நிற்கிறது.

2. தூண்டல்: ஆரம்பத்தில் நடக்கும் சடங்கு. 'ஒரு புள்ளியைப் பாருங்கள், மூச்சைக் கவனியுங்கள், இமை கனக்கிறது, உடம்பு தளர்கிறது' என்று பேசிப் பேசி, கவனத்தை ஒன்றில் குவித்து மற்றதை மங்கச் செய்வது. ஆடும் கடிகாரமெல்லாம் தேவையில்லை.

3. கருத்தேற்றம்: உண்மையான வேலை இங்கேதான். 'கையை உயர்த்துங்கள்' என்பது கட்டளை. 'உங்கள் கை தானாக மேலே மிதக்கிறது' என்பது கருத்தேற்றம். கை உயரும், உயர்த்தியது நான்தான் என்ற உணர்வு மட்டும் அவருக்கு இருக்காது. இந்த 'தானாக நடந்தது' என்ற அனுபவம்தான் அறிதுயிலின் மையம்.

4. ஏற்புத்திறன்: கருத்தேற்றத்துக்கு ஒருவர் எந்த அளவுக்கு இணங்கி அனுபவிக்கிறார் என்பதன் அளவு. இது ஆளுக்கு ஆள் மாறும்.

நான்காவதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சக்தி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அதற்குள் இருக்கிறது.

மரத்தைக் கட்டிப்பிடித்த பையன்

கதை 1778-இல் பாரிஸுக்கு வந்து சேர்ந்த ஃபிரான்ஸ் மெஸ்மர் என்ற வைத்தியரிடம் தொடங்குகிறது. எல்லா உடல்களிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய், தன்னால் அதைச் சீராக்க முடியும் என்றார். இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய மரத்தொட்டியைச் சுற்றி நோயாளிகள் உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் அழுவார், ஒருவர் சிரிப்பார், ஒருவர் வலிப்பு வந்ததுபோல் துடிப்பார். பேயோட்டும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. துடித்து முடித்த பிறகு பலர் குணமானதாகவும் சொன்னார்கள்.

ஊரே பைத்தியமாக அலைந்ததால் 1784-இல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலாளர் லவாய்சியர், வானியலாளர் பாயி, மருத்துவர் கில்லட்டின் எல்லாம் அதில் இருந்தார்கள். (சில வருடம் கழித்து லவாய்சியரின் தலையும் பாயியின் தலையும் கில்லட்டின் பெயரைத் தாங்கிய இயந்திரத்திலேயே விழுந்தன என்பது வேறு சோகம்.) மெஸ்மர் ஒத்துழைக்கவில்லை, அவருடைய சீடர் தெஸ்லோன் முன்வந்தார்.

சோதனை ஃபிராங்க்ளின் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. தெஸ்லோன் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்குக் 'காந்தம் ஏற்றினார்'. பிறகு, அவரே தேர்ந்தெடுத்த 12 வயதுப் பையனின் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, வரிசையாகச் சில மரங்களைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். பையனுக்கு முதல் மரத்திலேயே வேர்த்தது. அடுத்தடுத்த மரங்களில் தலை சுற்றியது. நான்காவது மரத்தில் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரம் அந்த நான்கில் இல்லவே இல்லை. அது தள்ளி நின்றது. எல்லா மரத்திலும் இயற்கையாகவே கொஞ்சம் காந்தம் இருக்கும் என்று தெஸ்லோன் சமாளித்துப் பார்த்தார். அப்படியானால் இந்த மாதிரி ஆட்கள் ஒரு தோட்டத்தில் நடக்கவே முடியாதே என்று குழு திருப்பிக் கேட்டது.

லவாய்சியர் வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கோப்பைகளில் தண்ணீர் கொடுத்தார்கள். வெறும் தண்ணீரைக் குடித்ததும் அவருக்குத் துடிப்பு வந்தது. அவரைத் தெளிவிக்கக் கொடுத்த கோப்பையில்தான் காந்தம் ஏற்றிய தண்ணீர் இருந்தது. அதை நிம்மதியாகக் குடித்துவிட்டு எழுந்தார்.

காந்தம் இல்லாவிட்டாலும் கற்பனை வலிப்பை உண்டாக்குகிறது, கற்பனை இல்லாவிட்டால் காந்தம் எதையும் செய்வதில்லை என்று குழு முடிவு சொன்னது. மருந்துகளைச் சோதிக்க இன்று பயன்படும் 'கண்கட்டிச் சோதனை' முறையின் முன்னோடிகளில் இது ஒன்று. ஆனால் எல்லாம் கற்பனை என்று சொல்லி அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். வெறும் கற்பனை ஒரு பையனை மயங்கி விழ வைக்க முடியுமென்றால் அந்தக் கற்பனையை அல்லவா ஆராய வேண்டும்? அந்தக் கேள்வியைக் கையில் எடுக்க இன்னும் காலம் பிடித்தது.

கோவாவிலிருந்து ஒரு பாதிரியார், ஹூக்ளியில் ஒரு சர்ஜன்

அந்தக் கேள்வியின் முனையை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் கோவாவின் கண்டோலிம் ஊரில் 1756-இல் பிறந்த அபே ஃபாரியா. 1813-இல் பாரிஸில் பொதுமக்கள் முன் ஆட்களை அறிதுயிலில் ஆழ்த்திக் காட்டினார். திரவமும் கிடையாது, காந்தமும் கிடையாது. தூங்குகிறவரின் சொந்தக் கவனமும் எதிர்பார்ப்புமே காரணம், செய்பவரிடம் எந்தச் சக்தியும் இல்லை என்றார். தொழில் செய்யும் ஒருவர் தனக்குச் சக்தி இல்லை என்று தானே அறிவிப்பது அபூர்வம். பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

1840-களில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பினார். பிறகு தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புரிந்து பெயரை மாற்றப் பார்த்தார்; பெயர் அதற்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதே சமயம் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி சர்ஜன், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், மெஸ்மர் முறையில் நோயாளிகளை ஆழ்த்தி அறுவை செய்துகொண்டிருந்தார். 1845 ஏப்ரலில் ஒரு சிறைக்கைதியிடம் தொடங்கி, யானைக்கால் நோயால் வந்த பெரிய கட்டிகள் உட்பட நூற்றுக்கணக்கான அறுவைகள். அரசு அமைத்த குழு 1846-இல் நேரில் பார்த்தது. பலர் வலியே தெரியாமல் கிடந்தார்கள். சிலருடைய உடல் நெளிந்ததையும் முகம் கோணியதையும் குழு மறைக்காமல் எழுதியது. விழித்ததும் அவர்களும் வலி தெரியவில்லை என்றே சொன்னார்கள். அந்த வருடமே பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து வெற்றி பெற்றது. எல்லாருக்கும் சில நிமிடங்களில் வேலை செய்யும் மருந்து இருக்கும்போது, சிலருக்கு மட்டும் மணிக்கணக்கில் தடவிச் செய்யும் முறை எதற்கு? எஸ்டெயிலின் முறை மறைந்து போனது.

எல்லாருக்கும் வராது

சிலருக்கு மட்டும் ஏன் வேலை செய்கிறது என்பதை அளக்க 1959 முதல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹில்கார்டும் வைட்சன்ஹாஃபரும் அளவுகோல்களை உருவாக்கினார்கள். 12 சோதனைகள். நீட்டிய கை கனத்துத் தாழ்கிறதா? இல்லாத கொசு காதருகில் பாடுவது தெரிகிறதா? மூக்கருகே அம்மோனியாவை நீட்டினால் வாடையே இல்லை என்கிறாரா? எதிரே மூன்று பெட்டிகள் இருக்க இரண்டுதான் தெரிகிறதா? போகப் போகக் கடினம்.

100 பேரை எடுத்தால் சுமார் 10 முதல் 15 பேர் பெரும்பாலான சோதனைகளில் தேறுவார்கள். ஏறக்குறைய அதே அளவு பேருக்கு எதுவுமே நடக்காது. மற்றவர்கள் நடுவில். கல்லூரிக் காலத்தில் அளக்கப்பட்ட 50 பேரை 25 வருடம் கழித்துத் திரும்ப அளந்தபோது பழைய மதிப்பெண்ணுக்கும் புதியதற்கும் தொடர்பு 0.71 என்று வந்தது (முழுப் பொருத்தம் என்றால் 1). ஒரு மனத்திறனுக்கு இது வியப்பான நிலைத்தன்மை.

இதன் பொருளைக் கவனியுங்கள். அறிதுயில் செய்பவர் மாறினாலும், குரல் மாறினாலும், ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க வைத்தாலும்கூட மதிப்பெண் பெரிதாக மாறுவதில்லை. திறமை கேட்பவருடையது. பாட்டைக் கேட்டால் உருகிப்போகும் காது சிலருக்கு வாய்ப்பதைப்போல இது. 'மன பலம் இல்லாதவர்கள்தான் மயங்குவார்கள்' என்பதற்கும் ஆதாரம் கிடையாது.

நடிப்பு இல்லை என்று எப்படித் தெரியும்?

நியாயமான சந்தேகம். ஆய்வாளர்களும் இதைத்தான் முதலில் கேட்டார்கள். மார்ட்டின் ஆர்ன் என்ற மனநல மருத்துவர், ஏற்புத்திறன் குறைந்த சிலரிடம் 'ஆழ்ந்துவிட்டதுபோல் நடியுங்கள்' என்று சொல்லி, யார் எந்த வகை என்று தெரியாத ஒருவரிடம் அனுப்பினார். நன்றாகவே ஏமாற்றினார்கள். வெளியிலிருந்து பார்த்து உண்மையையும் நடிப்பையும் பிரிக்க முடியாது என்பது உறுதியானது. மேடை நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு 'நானே என் கண்ணால் பார்த்தேன்' என்று சொல்வதற்கு அறிவியலில் மதிப்பில்லாமல் போவது இதனால்தான்.

எனவே நடிக்க முடியாத இடங்களில் தேடினார்கள். இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம்.

ஒன்று, 1997-இல் மாண்ட்ரியாலில் ரேன்வில் குழு செய்தது. சுடுநீரில் கையை வைக்கச் சொல்லி மூளையைப் படம் எடுத்தார்கள். வெப்பம் அதேதான், வலியின் வேதனை கூடுகிறது, குறைகிறது என்று கருத்தேற்றம் மட்டும் மாற்றப்பட்டது. வேதனையுணர்வோடு தொடர்புடைய முன் சிங்குலேட் பகுதியின் செயல்பாடு அதற்கேற்ப ஏறி இறங்கியது. 'எங்கே, எவ்வளவு சூடு' என்பதைப் பதிவு செய்யும் பகுதியில் அப்படி மாற்றம் தெரியவில்லை. வலி போகாமலே வலியின் துன்பம் மட்டும் குறையலாம் என்பதற்கு இது ஒரு சாட்சி.

இரண்டாவது, அமீர் ராஸ் என்ற ஆய்வாளருடையது. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் எல்லாரும் தடுமாறுவோம். படிக்கத் தெரிந்த கண் படிக்காமல் இருக்காது. ஏற்புத்திறன் மிக்கவர்களிடம், 'அந்த எழுத்துகள் உங்களுக்குப் புரியாத வேற்றுமொழிக் கிறுக்கலாகத் தெரியும்' என்று ராஸ் கருத்தேற்றினார். அந்தத் தடுமாற்றம் பெருமளவு குறைந்தது. நொடியின் சிறு பங்கில் அளக்கப்படும் இதை நடித்துக் காட்டுவது லேசல்ல. பிறகு ராஸ் இன்னொன்றும் கண்டுபிடித்தார்: இவர்களுக்குத் தூண்டல் சடங்கே இல்லாமல் சும்மா கருத்தேற்றினாலும் கிட்டத்தட்ட அதே விளைவு வந்தது.

ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இங்கேதான். அறிதுயில் ஒரு தனி மனநிலையா, அல்லது எதிர்பார்ப்பு, கற்பனை, ஒத்துழைப்பு என்ற சாதாரணச் சமாச்சாரங்களின் சேர்க்கையா? சண்டை ஓயவில்லை. என் கணிப்பில் எடை கருத்தேற்றத்தின் பக்கமே சாய்கிறது. கண்ணை மூடும் சடங்கு ஒரு வாசல்தான். அது இல்லாமலும் சிலர் உள்ளே போய்விடுகிறார்கள்.

மாத்திரைச் சீட்டைப் படித்தாலே தலை சுற்றுவது

கருத்தேற்றம் வேலை செய்ய அறிதுயில் நிபுணரும் தேவையில்லை. மருந்தே இல்லாத போலி மாத்திரையிலும் வலி குறைவது பிளாசிபோ. கெட்டது நடக்கும் என்று எதிர்பார்த்தே கெட்டதை உணர்வது நோசிபோ. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேரை வைத்து பிரிட்டனில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2020-இல் வந்தது. சில மாதம் உண்மை மாத்திரை, சில மாதம் போலி, சில மாதம் எதுவுமில்லை. உண்மை மாத்திரையில் தோன்றிய தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் தோன்றியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தசை உண்மையாகவே வலித்தது.

அப்படியானால் அறிதுயில் வலிநீக்கமும் பிளாசிபோவும் ஒன்றா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. உடலின் சொந்த அபின் போன்ற பொருள்களைத் தடுக்கும் நாலாக்சோன் மருந்தைக் கொடுத்தால் பிளாசிபோ வலிநீக்கம் மங்குகிறது என்று 1978-இல் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் கண்டார்கள். அதற்கு முன்பே, 1975-இல், ஹில்கார்டு குழு அதே மருந்தை அறிதுயிலில் இருந்தவர்களிடம் சோதித்திருந்தது. அங்கே வலிநீக்கம் மங்கவில்லை. இரண்டும் வேறு வழிகளில் போகின்றன போலிருக்கிறது.

மருத்துவத்தில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

1. வலி: ஆதாரம் இங்கேதான் அதிகம். 85 சோதனைகளைத் தொகுத்த 2019 ஆய்வில் ஏற்புத்திறன் மிக்கவர்களுக்கு 42 சதவீதமும் நடுத்தரமானவர்களுக்கு 29 சதவீதமும் வலி குறைந்தது. ஏற்புத்திறன் குறைந்தவர்களுக்குக் கிடைத்த பலன் மிகக் கொஞ்சம்.

2. அறுவைக்கு முன்: நியூயார்க்கில் மார்பக அறுவைக்குக் காத்திருந்த 200 பெண்களில் ஒரு பாதிக்கு 15 நிமிட அறிதுயில், மறுபாதிக்கு ஆறுதலான பேச்சு. 2007-இல் வந்த முடிவின்படி அறிதுயில் பெற்றவர்களுக்கு மயக்க மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. வலியும் குமட்டலும் குறைந்தன. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992 முதல் தைராய்டு உட்பட ஆயிரக்கணக்கான அறுவைகள் அறிதுயிலோடு நடந்திருக்கின்றன. இதில் கவனிக்க ஒன்று உண்டு: அந்த இடத்தை மரக்க வைக்கும் ஊசியும் லேசான அமைதி மருந்தும் கூடவே தருகிறார்கள். வெறும் சொல்லால் கத்தி வைப்பதில்லை.

3. எரிச்சல் குடல் நோய்: வயிற்றுவலி, உப்பசம், மாறி மாறிப் பேதியும் மலச்சிக்கலும், பரிசோதனையில் எதுவும் சிக்காது. மான்செஸ்டரில் வோர்வெல் 1984-இல் 30 நோயாளிகளிடம் செய்த சோதனையிலிருந்து இதற்கு ஆதாரம் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு வருடம் மருந்து சாப்பிட்டும் தீராதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது.

4. சிகரெட்: விளம்பரங்களில் முதலிடம் இதற்குத்தான், ஆதாரத்தில் கடைசி வரிசை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, மற்ற வழிகளை விட இது மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது என்று 2019-இல் சொல்லிவிட்டது.

புற்றுநோய்க் கட்டியைக் கரைப்பது, சர்க்கரை நோயைத் தீர்ப்பது போன்றவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வலியும் குமட்டலும் பயமும் மூளையில் உருவாகும் அனுபவங்கள்; கட்டி அப்படியல்ல.

சரி, அந்த நகைத் திருட்டு?

முன்பின் தெரியாத ஒருவர், தெருவில் வைத்து, விருப்பமில்லாத உங்களை நொடியில் அறிதுயிலில் ஆழ்த்தி, நீங்கள் செய்ய மாட்டாத ஒன்றைச் செய்ய வைக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மேலே பார்த்த எல்லாமே சம்மதத்தோடு, அமைதியான அறையில், ஒத்துழைக்கும் ஆளிடம் நடந்தவை.

1965-இல் ஆர்னும் எவன்ஸும் சிலரிடம் நச்சுப் பாம்பைப் பிடிக்கவும், அமிலத்தில் கையை விடவும், ஆய்வாளர் முகத்தில் அமிலத்தை வீசவும் சொன்னார்கள். கண்ணாடித் தடுப்பு, மாற்றி வைத்த திரவம் என்று பாதுகாப்பு ஏற்பாடுகள் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தன. அறிதுயிலில் இருந்த 6 பேரில் 5 பேர் செய்தார்கள். பயமாக இருக்கிறதா? அறிதுயிலில் இல்லாமல் நடித்துக்கொண்டிருந்த 6 பேரும் செய்தார்கள். பல்கலைக்கழகத்தில் நம்மை ஆபத்தில் விட மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒன்றே போதுமாக இருந்தது.

நகைத் திருட்டும் இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. 'முன்னாடி தெருவில் செயின் பறிக்கிறாங்க அம்மா, கழற்றிப் பையில் வையுங்க' என்று போலீஸ் தோரணையில் ஒருவர், 'நானும் கழற்றிட்டேன் அக்கா' என்று இரண்டாவது ஆள், அவசரம், பயம், இடைவிடாத பேச்சு. காவல்துறை இதைக் கவனத்தைத் திசைதிருப்பிய திருட்டு என்று எழுதுகிறது. ரயிலில் நீட்டப்படும் பிஸ்கட்டில் மருந்து கலந்திருப்பது வேறு ரகம். 'டிஜிட்டல் கைது' என்று பயமுறுத்தி, படித்தவர்களையே நாள்கணக்கில் வீடியோ அழைப்பில் பிடித்து வைத்து லட்சக்கணக்கில் பறிக்கிறார்களே, அதில் கண்ணால் மயக்கிய ஆள் யார்? ஏமாந்தவர் 'எனக்கு என்னமோ ஆகிவிட்டது, மயக்கிவிட்டார்கள்' என்று சொல்வது பொய்யில்லை. கொடுத்ததற்குக் காரணம் அவருக்கே புரியவில்லை. வீட்டில் திட்டு வேறு விழும். ஹிப்னாடிசம் என்ற சொல் அந்த வெட்கத்துக்கு ஒரு போர்வை.

நினைவைத் தோண்டுவதுதான் உண்மையான ஆபத்து

அறிதுயிலின் ஆபத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமென்றால் இங்கே பட வேண்டும். மறந்ததை எல்லாம் அது மீட்டுத் தரும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது வேறு: சொல்லும் விவரம் கூடும், கூடவே தவறும் கூடும், அத்தனையும் உண்மை என்ற உறுதி ஏறிவிடும். 1983-இல் லாரன்ஸும் பெர்ரியும் ஏற்புத்திறன் மிக்க 27 பேரிடம், போன வாரம் ஓர் இரவில் பெரிய சத்தம் கேட்டு விழித்தீர்கள் என்று அறிதுயிலில் கருத்தேற்றினார்கள். பிறகு 13 பேர் அது உண்மையாகவே நடந்ததாகச் சொன்னார்கள். அறிதுயிலில் நினைவு 'புதுப்பிக்கப்பட்ட' சாட்சிகளைக் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1982-இல் நிராகரித்ததற்குப் பின்னால் இந்தக் கவலைதான் இருந்தது.

முற்பிறவிப் பயணங்களும் இதே கணக்கில் வரும். நிக்கோலஸ் ஸ்பானோஸ் இதைச் சோதித்தபோது, முற்பிறவி பற்றி முன்கூட்டியே என்ன சொல்லி வைத்தாரோ அதற்கேற்ற பிறவிகளே வெளியே வந்தன. ஒருவர் தான் கி.பி. 50-இல் ரோமை ஆளும் ஜூலியஸ் சீசர் என்றார். சீசர் கி.மு. 44-இலேயே கொலையாகிவிட்டார். சீசராக இருந்தவருக்கு அது தெரியவில்லை.

கேலியாகத் தோன்றலாம். ஆனால் அதே முறையில் 'சின்ன வயதில் மாமா உன்னிடம் தப்பாக நடந்தார்' என்ற நினைவு விதைக்கப்பட்டால்? அமெரிக்காவில் 1980-களிலும் 90-களிலும் இப்படி 'மீட்கப்பட்ட' நினைவுகளால் குடும்பங்கள் உடைந்தன, வழக்குகள் நடந்தன. உண்மையான கொடுமைக்கு ஆளானவர்களின் சாட்சியத்தையும் அது சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது.

போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு

வயிற்றுத் தொந்தரவென்றால் முதலில் குடல் மருத்துவரைப் பாருங்கள். எடை இறங்குவது, மலத்தில் ரத்தம் போன்ற அறிகுறிகளுக்கு வேறு காரணம் இல்லை என்று உறுதியான பிறகே இந்தப் பேச்சு. செய்பவர் மருத்துவரோ தகுதி பெற்ற உளவியலாளரோ ஆக இருக்க வேண்டும். அறிதுயில் இல்லாமலே அந்த நோய்க்குச் சிகிச்சை தரத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்கள் தங்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. எத்தனை அமர்வு, பலன் தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மாத்திரையை எல்லாம் நிறுத்துங்கள் என்றாலோ, உங்கள் முதுகுவலிக்குக் காரணம் போன ஜென்மத்தில் வாங்கிய ஈட்டிக் குத்து என்றாலோ, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.